பாஸில் இருக்கும் முகம்

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இந்தக் கடிதம் வரும்போது நீ இருமல் சளி இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் மகள் பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பில் அவள் பெயரை இரண்டு தடவை வாசித்தார்களாம். ஒன்று பட்டத்துக்கு, ஒன்று மெடலுக்கு. அவள் தம்பி கப்பலில் இன்ஜினியராகச் சேர்ந்துவிட்டான். வீட்டுக் குழாய் ஒழுகினால் திரும்பிப் பார்க்காத பயல், அத்தனை பெரிய இன்ஜினைக் கட்டி மேய்க்கிறான். என் மகளின் பெண்ணுக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு. வாத்தியாரே விடை சரியா என்று அவளிடம் கேட்டுக்கொள்கிறாராம். கடைக்குட்டி நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறான். "நீந்தினானா, மிதந்தானா?" என்று உன் அத்தான் கேட்டார். கோப்பை வந்துவிட்டது, எப்படி வந்தால் என்ன?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். ஒவ்வொருவர் படமாகக் கூடத்துச் சுவரில் மாட்டிக்கொண்டே வருகிறேன். இனி ஆணி அடிக்க இடமில்லை.

உன் அத்தான் நலம். கொஞ்சம் மறதி. இந்த வயதில் யாருக்குத்தான் இல்லை? நானே இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். போன் கெட்டுக் கிடக்கிறது, அதனால் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

சுவரில் உன் படம்தான் ரொம்பப் பழசு. தையல் மிஷினுக்குப் பின்னால் முடியெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறாய். புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஜனவரி 27

என் அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் நீ எழுதவில்லை.

பிள்ளைகள் அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். வாயார வாழ்த்துகிறேன். ஆனால் நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அவர்கள், அரைப் பக்கம் அத்தான். நீ எங்கே? அந்தக் கடிதத்தில் உன்னுடையது என்று கையெழுத்து மட்டும்தான் இருந்தது. மை வேறு நீலமாக ஆரம்பித்து, நடுவில் கறுப்பாகி, கடைசியில் பென்சிலாகிவிட்டது. ஒரு கடிதம் எழுத மூன்று நாள் ஆகும் அளவுக்கு அப்படி என்ன வேலை உனக்கு? உதவிக்கு யார் இருக்கிறார்கள்?

போன் கெட்டிருந்தால் போகட்டும். எனக்கும் இப்போது எழுதுவதுதான் சௌகரியம்.

படம் எடுக்கும்போது அனுப்புகிறேன். கல்யாணத் துணி தைக்கும் காலம், கடையில் தலைக்கு மேல் வேலை.

வேளைக்குச் சாப்பிடு, அக்கா.
உன் தங்கை

*

பிப்ரவரி 18

என் வாயாடித் தங்கைக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று படித்ததில் பாதிப் பாரம் இறங்கியது. இங்கேயும் சுகம்தான்.

உன்னிடம் மறைத்து ஆகப்போவது என்ன? போன் கெடவில்லை. நான்தான் பிடுங்கித் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். மணி அடித்தால் உன் அத்தானுக்கு வண்டி கிளம்பிவிடுகிறது.

முப்பத்தைந்து வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். இப்போது எங்கள் கூடம்தான் பஸ். விடிவதற்கு முன்பே எழுந்து சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டு, பழைய டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுவார். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி என்றால் கிளம்பு. போன் நிறுத்தாமல் அடித்தால் மனுஷன் எதை எடுத்துக்கொள்வார்? டிரைவரைத் திட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வருகிறார். நான்தான் டிரைவர்.

"ஸ்டாப்புல நிறுத்துய்யா! ஏறுற ஆளு ஏற வேணாமா?"

"நிறுத்தியாச்சு, ஏத்திக்குங்க" என்பேன். அடங்கிவிடுவார்.

ஒரு நாள் வாளியோடு வழுக்கி விழப் பார்த்தேன். அதற்கு எனக்குப் பாடம் எடுத்தார். "காலைக் கொஞ்சம் அகட்டி வையி. முட்டியை விறைச்சுக்காதே. வண்டி சாயுற பக்கம் நீயும் கொஞ்சம் சாயி. நான் கம்பியைப் பிடிச்சு எப்பவாவது பாத்திருக்கியா?" நானும் அவரும் கூடத்து நடுவில் அப்படியே நின்றோம், ஓடாத வண்டியில்.

ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸம்மாவை வாசலிலேயே மறித்து, பாஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். உன் அக்காவுக்கா மூளை இல்லை? பழைய காலண்டர் அட்டையை வெட்டி, படம் ஒட்டி, பாஸ் போட்டுவிட்டேன். நர்ஸுக்கு ஒன்று, கீழ்த்தளத்துக் கடிகார ரிப்பேர்காரருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எனக்கு எந்தப் படம் தெரியுமா? பெரியவன் பிறந்த வருடம் ஸ்டுடியோவில் எடுத்தது. அதில்தான் நான் லட்சணமாக இருக்கிறேன். அதைப் பார்த்தால் அவர் முகம் மலர்கிறது. ஆளைப் பார்ப்பதில்லை, அட்டையைப் பார்த்தே "சரி, போங்க" என்கிறார்.

உதவிக்கு யார் என்று கேட்டாய். நான் இருக்கிறேனே, போதாதா?

உன் படம் வரவில்லை.
அக்கா

*

மார்ச் 6

அக்கா,

சுகம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மடித்து வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

எங்கள் கடையில் காஜா எடுப்பவளின் அம்மாவுக்கும் இதே நிலைமைதான். பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறதாம், உங்கள் பக்கத்திலும் உண்டாம். காலையில் வண்டி வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். வாரத்தில் மூன்று நாள் அனுப்பினால் போதும் என்கிறாள். விலாசம் விசாரித்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது, வேறு எதுவும் வேண்டாம். கடைசியாக எப்போது முழுசாகத் தூங்கினாய்?

உன் தங்கை

*

மார்ச் 24

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

இத்தனை பேரப்பிள்ளைகளைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, தாத்தாவை இல்லத்துக்கு அனுப்பினாள் என்று கேட்க வேண்டுமா நான்? ஞாயிற்றுக்கிழமைதோறும் கடிகாரக்காரர் கடை போனில் பிள்ளைகளோடு பேசுகிறேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். சொன்னால் பல் டாக்டர் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள். கப்பல்காரன் கடலில் குதித்துவிடுவான். பிள்ளைகள் பிழைப்பைக் கெடுக்கவா பெற்று வளர்த்தேன்?

அவர் யார் வீட்டுக்கும் பாரம் இல்லை. எனக்கும் இல்லை. இந்தப் பேச்சு இனி வேண்டாம். விலாசத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

மே 19

அக்கா,

இது இரண்டாவது கடிதம். ஏப்ரலில் போட்டதற்கும் பதில் இல்லை. கோபமென்றால் நாலு வார்த்தை திட்டியாவது எழுது, உன் திட்டு எனக்குப் புதிதில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். இப்போதெல்லாம் பகலில் வீட்டில்தான் இருக்கிறேன்.

அத்தான் சுகமா? நீ சுகமா? இரண்டில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்று எழுது. கார்டில் எழுதினால்கூடப் போதும்.

உன் தங்கை

*

ஜூன் 10

என் தங்கைக்கு,

சுகமா என்று கேட்டிருந்தாய். இல்லை.

கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. பேனாவை எடுத்தால் பொய் வந்தது, அதனால் வைத்துவிட்டேன். நீந்தினானா மிதந்தானா என்று உன் அத்தான் கேட்டதாக எழுதினேனே, அது நானே கேட்டுக்கொண்டது. அவர் சுவரைப் பார்த்து, "இவங்கல்லாம் யாரு, இத்தனை பேர் டிக்கெட் எடுக்காம நிக்கிறாங்க?" என்றார். ரெண்டு வருஷமாக இப்படித்தான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் காய்கறி வாங்கக் கீழே இறங்கினேன், பத்தே நிமிஷம். திரும்பி வந்தால் கதவு உள்தாழ். தட்டினேன். கதவில் இருக்கும் சின்ன ஜன்னலைத் திறந்து கையை நீட்டினார். பாஸைக் கொடுத்தேன். எப்போதும் போல அட்டையோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து என் முகத்தையும் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான்."

"பொய் சொல்லாதீங்கம்மா. இது சின்னப் பொண்ணு. எனக்கு வேண்டியவ. அவ பாஸ் உங்க கையில எப்படி வந்துச்சு?"

"நான்தாங்க அது. வயசாயிடுச்சு."

"அடுத்தவங்க பாஸ்ல ஏறக் கூடாது. இறங்குங்க. வண்டி கிளம்பணும்."

ஜன்னலைச் சாத்திவிட்டார். பாஸையும் வைத்துக்கொண்டார். உள்ளே அவர் நாக்கால் இரண்டு மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

என்னை 'நீ' என்று கூப்பிட்டவர், 'அம்மா' என்று மரியாதையாக இறக்கிவிட்டார்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். இனிமேல் எழுதுவதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. அழவில்லை. கடிகாரக்காரரைக் கூப்பிடவும் இல்லை. கீழே இறங்கிப் போனால் பத்துப் படி, இருந்தும் போகவில்லை. காய்கறிப் பையை மடியில் வைத்துச் சுவரில் தலையைச் சாய்த்தேன். தூங்கிவிட்டேன். உள்ளே அவர் தனியாக இருக்கிறார், அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைக்காமல் இரண்டு மணி நேரம் தூங்கினேன். நல்லவேளை, அணைத்திருந்தேன்.

நீ மார்ச்சில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கடைசியாக முழுசாகத் தூங்கியது மாடிப்படியில். வீட்டைவிட்டு இறக்கிவிடப்பட்டவளுக்கு நிம்மதி வந்தது என்றால், நான் என்ன பெண்டாட்டி?

மத்தியானம் சாப்பிட மேல்மாடி வீட்டுக்கு ஏறி வந்த கடிகாரக்காரர்தான் எழுப்பினார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். பிறகு கதவில் ஓங்கி ஒரு தட்டு. "செக்கிங்! வண்டியை நிறுத்து!"

உடனே தாழ் திறந்தது. உன் அத்தான் விறைப்பாக நின்றார். "எல்லாம் சரியா இருக்கு சார்."

"ஒரு அம்மாவை நடுவழியில இறக்கிவிட்டீங்களாமே?"

"ஆள் மாறாட்டம் சார்."

"அவங்க என்கூட வந்தவங்க."

"அப்ப ஏறட்டும் சார். சாரே சொல்லும்போது."

கடிகாரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே ஓடிவிட்டார். அவர் போன பிறகு நான் காய்கறி நறுக்கினேன். அந்தப் பாஸை உன் அத்தான் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். அந்தப் பெண் வந்தால் கொடுக்க வேண்டுமாம்.

தினமும் கடிகாரக்காரர் வந்து செக்கிங் சொல்ல முடியுமா? எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, தங்கச்சி.

அக்கா

*

ஜூன் 22

என் அக்காவுக்கு,

நீ தூங்கினாய் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதைப் பாவம் போல எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. படியில் தூங்கியதை இனி கட்டிலில் தூங்கு. இவ்வளவுதான் நான் கேட்பது.

விலாசத்தை மறுபடி வைத்திருக்கிறேன். சேர்க்க வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வா.

இன்னொன்று. ஸ்டுடியோவுக்குப் போய் இன்றைய முகத்தைப் படம் எடு. அத்தான் மேல் குற்றம் இல்லை, அக்கா. அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் பார்த்தார். பொய்ப் பாஸ் போட்டது நீதான்.

உன் தங்கை

*

ஜூலை 21

அன்புத் தங்கைக்கு,

சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன். ரொம்ப இல்லை, கொஞ்சம் சுகம்.

பொய்ப் பாஸ் என்று நீ எழுதியது இரண்டு நாள் சுருக்கென்று குத்தியது. மூன்றாம் நாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே ஒரு பெண், "பாட்டி, கண்ணுக்குக் கீழ இருக்கிறதையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துரலாம், பத்து வயசு குறைஞ்சிரும்" என்றாள்.

"ஒரு கோட்டையும் எடுக்காதேம்மா. எடுத்தா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க" என்றேன். அவள் மருமகள் கொடுமை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அதற்கப்புறம் என்னிடம் ரொம்பப் பரிவாக நடந்துகொண்டாள்.

படத்தைப் பார்த்தேன். யாரோ ஒரு களைத்த கிழவி. இவளைத்தானா இத்தனை நாள் வேலை வாங்கினேன் என்று இருந்தது. அட்டையில் ஒட்டி, வேண்டுமென்றே வெளியே போய்க் கதவைத் தட்டினேன். பாஸை வாங்கினார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கு. ஏறுங்கம்மா" என்றார். பிறகு கூடத்தைப் பார்த்து, "அந்தப் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கப்பா" என்று யாரையோ எழுப்பினார். நாற்காலியைத் தட்டி, "உட்காருங்க. நின்னு நின்னு வந்திருப்பீங்க" என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் வீட்டுக்குள் பகலில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. களைத்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

உட்கார்ந்தபடி யோசித்தேன். முப்பத்தைந்து வருடம் அவர் கம்பியைப் பிடிக்காமல் நின்றார், சரி. ஆனால் ஏறின ஒவ்வொருவரிடமும் "கம்பியைப் பிடிச்சுக்குங்க" என்றுதானே சொன்னார்? நான் முதல் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் இல்லத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. வாரம் இரண்டு நாள் போகிறார். வண்டி ஓட்டுபவர் காக்கிச் சட்டை போட்டிருப்பதால் டிப்போவிலிருந்து வந்ததாக நினைத்து, டிக்கெட் பையோடு டியூட்டிக்குக் கிளம்பிவிடுகிறார். அந்த இரண்டு நாளும் நான் முதலில் தூங்குகிறேன். அப்புறம் ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது, பழகிக்கொண்டிருக்கிறேன். மற்ற ஐந்து நாளும் பழையபடிதான், அது குறையவில்லை. ஆனால் அவர் வண்டி ஓட்டச் சொன்னால் எரிச்சலில்லாமல் ஓட்டுகிறேன்.

பெரியவனிடமும் சொல்லிவிட்டேன். "ஏம்மா சொல்லல?" என்றான்.

"நீங்கல்லாம் நல்லா போய்க்கிட்டிருந்தீங்க. நடுவுல மணி அடிச்சு நிறுத்த வேணாம்னு பாத்தேன்."

அடுத்த மாதம் லீவு போட்டுக் குடும்பத்தோடு வருகிறான். அத்தனை பேருக்கும் பாஸ் போட வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டேன். இனி நீ சொல். ஜனவரியிலிருந்து படம் கேட்கிறேன், ஒவ்வொரு கடிதத்திலும் தாண்டிப் போகிறாய். தலைக்கு மேல் வேலை என்றவள் பகலில் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறாய். எழுதுவதுதான் சௌகரியம் என்றாயே, ஏன்? என்னை நோண்டி நோண்டிக் கேட்டாய். இப்போது நான் கேட்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அக்கா,

பிடித்துவிட்டாய்.

போன டிசம்பரில் ஒரு காலை எழுந்து வாய் கொப்பளித்தேன், தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வலது பக்கம் முகம் இறங்கிக் கிடக்கிறது. உயிருக்குப் பயமில்லை, நரம்பு வீக்கம், மெதுவாகத் திரும்பும் என்றார் டாக்டர். முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. வலது கண் முழுசாக மூடாது. பேசினால் வார்த்தை வழுக்குகிறது, அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தே பழகியவள் நான். உதடு கூடாமல் நூல் நழுவும்போது கடையில் எல்லோரும் பார்ப்பது போல இருந்தது. ஏப்ரலில் நின்றுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

வீட்டுக் கண்ணாடியில் துண்டு தொங்குகிறது. இந்த லட்சணத்தில் உன்னைப் பொய்ப் பாஸ் போட்டவள் என்று எழுதினேன். எழுதிய அன்றைக்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

உன்னை வந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் உன் சுவரில் இருப்பவள் நான் இல்லை. அத்தான் என்னை ஏற்றமாட்டார்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 17

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எட்டு மாதம் எனக்கு யோசனை சொன்ன வாய் கோணலான வாயா? நேராக இருந்திருந்தால் என்னை என்ன பாடுபடுத்தியிருப்பாயோ. சிரிப்பு வருகிறதா? கோணலாகவே சிரி, நான் பார்த்துக்கொள்கிறேன்.

நூலை அறுக்கக் கத்தரிக்கோல் என்று ஒன்று இருக்கிறது. இங்கே நீ வந்தால் உன் அத்தானின் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைக்க வேண்டும், அவ்வளவும் தொங்குகிறது. அவர் டியூட்டிக்குப் போகும் நாட்களில் நாம் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம். தனியாகப் பழக எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏற்றமாட்டார் என்றாய். உனக்கு அவரைத் தெரியாது. முகம் எப்படி இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. அட்டையில் இருப்பதும் ஆளும் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கிறார்.

உன் பாஸை வெட்டி வைத்துவிட்டேன். 'தங்கை' என்று பெரிய எழுத்தில் எழுதியாயிற்று. பசையும் எடுத்து வைத்திருக்கிறேன். நடுவில் சதுரமாக இடம் விட்டிருக்கிறேன். கண்ணாடியில் தொங்கும் துண்டை எடுத்துவிட்டு, நாளைக்கே ஸ்டுடியோவுக்குப் போ. ஒரு கோட்டையும் எடுக்கச் சொல்லாதே. இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு.

அக்கா